மெட்டுச் சாலைக்கு எந்தப் பிக்கப்? அபூர்வ வண்டிகளில் தேறுவதும் தேறாததும்

வீடு போடியிலோ கம்பத்திலோ இருக்கும். ஏலத்தோட்டம் மலைக்கு மேலே, கேரளத்து உடும்பன்சோலைப் பக்கம். போடிமெட்டு அல்லது கம்பம்மெட்டு மலைச்சாலை வழியாக ஏறி இறங்க ஒரு பிக்கப் தேடுகிறவர்களில் சிலருக்கு பொலிரோ பிக்கப்பைப் பார்த்தாலே சலிப்பு. தெருவுக்கு நாலு நிற்கிறது, நமக்கு வேறு ஏதாவது பழசாக, அபூர்வமாக வேண்டும் என்பார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்த அபூர்வம் வண்டியின் எந்தப் பாகத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் பணத்தை எண்ண வேண்டும். தகரமும் விளக்கும் அபூர்வமாக இருந்தால் சமாளிக்கலாம். கியர் பாக்ஸும் டீசல் பம்பும் அபூர்வமாக இருந்தால், காய் பறிக்கிற நேரத்தில் வண்டி கொட்டகையில் நிற்கும்.

முதலில் சுமையைச் சொல்லிவிடலாம். மேலே போகும்போது 50 கிலோ உர மூட்டைகள், 200 லிட்டர் டீசல் டிரம், 20 அடி பைப், மருந்தடிக்கும் மோட்டார். கீழே வரும்போது உலர்ந்த ஏலக்காய். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். ஆகவே புற்றடிக்கோ போடிக்கோ ஏலம் விடுவதற்குப் போகிற மூட்டை பார்வைக்குப் பெரிசு, எடையில் லேசு. ஏற்றத்தில் பாரம், இறக்கத்தில் ஏறக்குறைய காலி வண்டி. கீழே வருகிற தீர்ப்புகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

மூக்கில்லாத ஜீப்

அபூர்வ பிக்கப் என்றதும் பழைய ஜீப் பிரியர்கள் முதலில் சொல்வது ஃபார்வர்ட் கன்ட்ரோல் ஜீப்பைத்தான். வில்லிஸ் கம்பெனி 1956 கடைசியில் அமெரிக்காவில் இறக்கியது. வடிவமைத்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். எஃப்.சி.-150 என்று பெயர். மகிந்திரா 1960களில் இதை இங்கேயே கட்டத் தொடங்கியது, பிறகு எஃப்.சி.-160 வந்தது. பானெட் கிடையாது. டிரைவர் முன் அச்சுக்கு மேலே உட்காருவார், எஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவே ஒரு பெட்டிக்குள் இருக்கும்.

இதன் அளவுகளைப் பார்த்தால் ஏன் இன்னமும் ஆட்கள் தேடுகிறார்கள் என்று புரியும். வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம், 81 அங்குலம். மொத்த நீளம் 147 அங்குலம் சொச்சம், அதாவது மூணே முக்கால் மீட்டர். அதில் பின்பெட்டி மட்டும் ஏறத்தாழ 74 அங்குலம். இன்றைய இசுசு வி-கிராஸ் 5.3 மீட்டர் நீளம், பெட்டியோ ஐந்தடிக்குள். ஒன்றரை மீட்டர் குட்டையான வண்டி ஓரடி கூடுதலான பெட்டியைச் சுமக்கிறது. கொண்டை ஊசியில் ஒரே வெட்டில் திரும்பும். பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டிய வேலை இல்லை. தோட்டத்துக்குள் ஏலச்செடி வரிசைக்கு நடுவே போகிற வழியிலும் இதுதான் ராஜா.

இதற்குக் கொடுக்கிற விலை எடைப் பங்கீட்டில் இருக்கிறது. எஞ்சின், டிரைவர், கேபின் எல்லாம் முன் அச்சின் மேல். பாரம் ஏற்றினால் வண்டி சமநிலைக்கு வரும். கணக்குப் பாருங்கள்: 400 கிலோ உரத்தைப் பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் அடுக்கினால், 2.06 மீட்டர் வீல்பேஸ் உள்ள இந்த வண்டியில் முன் அச்சிலிருந்து 97 கிலோ எடை கழன்றுபோகும். 3.1 மீட்டர் வீல்பேஸ் உள்ள வி-கிராஸில் அதே சுமை, அதே இடம், 65 கிலோதான் கழலும். ஆனால் மூக்கில்லாத ஜீப்புக்கு முன்னால் எடை மிச்சம் இருக்கிறது, தாங்கிக்கொள்ளும். ஏற்றம் இதற்குப் பிரச்சினையே இல்லை.

ஆபத்து காலியாக இறங்கும்போது. சரிவில் எடை இன்னும் முன்னால் சாயும், பின் சக்கரம் லேசாகும், பிரேக்கை அழுத்தினால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வழுக்கும். மழை பெய்த தார் ரோட்டில் இது நிச்சயம். நாலு சக்கரமும் டிரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டர் ஒரே சர்க்யூட். ஒரு வீல் சிலிண்டரில் எண்ணெய் கசிந்தால் நாலுக்கும் பிரேக் போகும். இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் மாற்றாமல் இந்த வண்டியை மெட்டில் இறக்கவே கூடாது. இதில் பேரம் கிடையாது.

கியரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இதில் இருப்பது மூன்று கியர் டி-90 பாக்ஸ். முதல் கியருக்கு சின்க்ரோ (ஓட்டத்திலேயே பற்களை ஒத்துச் சேர வைக்கும் அமைப்பு) கிடையாது. இறக்கத்தில் வேகம் பிடித்த பிறகு இரண்டிலிருந்து ஒன்றுக்குத் தள்ளப் பார்த்தால் பல்தான் அரைபடும். இறங்குவதற்கு முன்பே கியரைப் போட்டுவிட வேண்டும். முன், பின் அச்சுகளுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பைசர்-18 டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ ரேஞ்ச் (மெதுவான, பலமான கியர்) வேண்டுமானால் முன் அச்சையும் சேர்த்தே போட முடியும். தார் ரோட்டு வளைவில் அப்படி ஓட்டினால் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு ஜாயின்ட் உடையும். முன் சக்கரத்தை அச்சிலிருந்து விடுவிக்கிற ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் அதைத் திறந்துவிட்டு லோ போடலாம்: பின் சக்கரம் மட்டும் ஓடும், எஞ்சின் பிடிப்பு முழுசாகக் கிடைக்கும். டி-90-இன் முதல் கியர் 2.8, லோ ரேஞ்ச் 2.46, அச்சு 5.38, பெருக்கினால் 37 சொச்சம். எஞ்சின் 37 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. பிரேக்கைத் தொடாமலே நடை வேகத்தில் இறங்கும்.

இனி ஹேண்ட் பிரேக். இது பின் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், புரொப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன டிரம்மில் இருக்கிறது. அங்கே இருக்கிற ஆயில் சீல் தேய்ந்தால் கியர் ஆயில் நேராக அந்த டிரம்முக்குள்தான் வழியும். ஷூ ஊறிப்போகும், லீவரை எவ்வளவு இழுத்தாலும் சரிவில் வண்டி நகரும். ஷூ மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் அதே கதை. சீலை மாற்ற வேண்டும். சீல் உட்காருகிற யோக்கில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பழைய மகிந்திரா ஜீப்புகளுக்கும் இதே அமைப்புதான். வாங்கப் போகும்போது ஒரு சரிவில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். ஆனால் கல் வைக்க ஒரு ஆள் பக்கத்தில் நிற்கட்டும்.

பெட்ரோல் எஞ்சின் வண்டியானால் சித்திரை வெயிலில் ஏறும்போது எஞ்சின் பெட்டிக்குள் சூடு தேங்கி, பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி நின்றுவிடும். குழாயை சைலன்சர் பக்கமிருந்து விலக்கி, டேங்க் அருகே எலெக்ட்ரிக் பம்ப் வைத்தால் பெரும்பாலும் தீரும். பலர் 2,112 சி.சி. பெஜோ டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்திருப்பார்கள். வேலைக்கு நல்ல மாற்றம். ஆனால் அந்த எஞ்சின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் தகுதிச் சான்று எடுக்கும் நாளில் மாட்டும்.

பாகம் கிடைக்குமா? கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், பின்பக்க டேனா-44 அச்சு எல்லாம் ஜீப் குடும்பத்துச் சாமான். சென்னை புதுப்பேட்டையில் அலைந்தால் தேறும். கிடைக்காதது முன்கண்ணாடி, அதன் ரப்பர், கதவுத் தகரம். கதவுத் தகரத்தைப் பட்டறையில் தட்டி எடுத்துவிடலாம். கண்ணாடி உடைந்த வண்டியை மட்டும் பாதி விலைக்குக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

வெளிநாட்டு விசித்திரங்கள் சொல்லித்தருவது

வாங்க முடியாத வண்டிகள்தான், ஆனாலும் ஒரு பார்வை பார்க்கலாம். நம் ஊர் சந்தையில் வருகிற ஒவ்வொன்றும் இவற்றில் ஏதோ ஒன்றின் உறவு. 1934-ல் ஆஸ்திரேலிய ஃபோர்டில் லூ பாண்ட் என்பவர் காரின் முன்பாதியையும் லாரியின் பின்பாதியையும் ஒரே உடம்பாக வரைந்தார். அங்கே ‘யூட்’ என்கிறார்கள். அமெரிக்காவில் 1957-ல் ஃபோர்டு ரஞ்செரோ, 1959-ல் செவர்லே எல் கமீனோ அந்த வழியில் வந்தன. இங்கே அம்பாசடரைப் பாதியில் வெட்டிப் பெட்டி வைத்ததும் அதே ஆசைதான். ஆனால் அம்பாசடருக்குத் தனி இரும்புச் சட்டம் (சேசிஸ்) கிடையாது, உடம்பேதான் அதன் எலும்பு. கூரையையும் பின்தூணையும் வெட்டியதுமே பாதி பலம் போய்விடும். பாரம் ஏற்றினால் கதவு இடுக்கு விரியும், பின்பு மூடவே மூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இப்படி வெட்டுவதைத் தடுக்கிறது, கேரள மோட்டார் வாகனத் துறை இந்த விஷயத்தில் கறார். வேண்டாம்.

1978-ல் வந்த சுபாரு பிராட் இன்னொரு விசித்திரம். இலகுரக டிரக்குகளுக்கு அமெரிக்கா 1964 முதல் 25 சதவீத இறக்குமதி வரி போட்டிருந்தது. அதிலிருந்து தப்ப, பின்பெட்டிக்குள் பின்பக்கம் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் சீட்டைப் பொருத்தி, ‘இது பயணிகள் வண்டி’ என்று கணக்குக் காட்டினார்கள். சாமர்த்தியம்தான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு நம் ஊரில் பின்பெட்டியில் பெஞ்சு போட்டுத் தோட்டத்து ஆட்களை ஏற்றினால், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடும்.

2002-ல் ஒரே ஒரு மாடல் வருடம் அமெரிக்காவில் விற்ற லிங்கன் பிளாக்வுட் பிக்கப்பின் பெட்டிக்குள் தரைவிரிப்பு போட்டிருந்தார்கள். உர மூட்டை ஏற்றுகிற யாரும் அதை வடிவமைத்திருக்க முடியாது. 2017-ல் வந்து 2020-ல் நின்றுபோன மெர்சிடிஸ் எக்ஸ்-கிளாஸ் வேறு மாதிரி: நட்சத்திரத்துக்கு அடியில் இருந்தது நிசான் நவாராவின் எலும்புக்கூடு. வாங்க வந்தவர்கள் பிரீமியம் விலை தருவதற்கு மறுத்துவிட்டார்கள். பழைய வண்டி வாங்குகிறவருக்கோ இந்த வகைதான் லாபம், மேல்தோல் அபூர்வம், உள்ளே ஊரெல்லாம் ஓடுகிற சாமான். இதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளூர்ப் பட்டியலுக்கு வரலாம்.

மட்டடோரும் டாடா 207-ம்

பஜாஜ் டெம்போ மட்டடோர் பிக்கப் இன்று கண்ணில் படுவதே அரிது. பின்னாளில் வந்தவற்றில் இருக்கிற மெர்சிடிஸ் வழி ஓ.எம்.616 டீசல் எஞ்சின் சாகாவரம் பெற்றது; டிராக்ஸ் வண்டிகளிலும் அதே குடும்பம் என்பதால் பாகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் மட்டடோர் முன் சக்கரத்தால் இழுக்கும் வண்டி. ஏற்றத்தில் எடை பின்னால் சாய்கிறது, பின்பெட்டிப் பாரமும் பின்னால். இழுக்க வேண்டிய முன் சக்கரமோ லேசாகிறது. ஈரமான கொண்டை ஊசியில் முன் டயர் நின்ற இடத்திலேயே சுழலும். கம்பம் பள்ளத்தாக்குக்குள் திராட்சையும் வாழையும் ஏற்றி ஓட்டினால் அருமையான வண்டி. மெட்டுக்கு இல்லை.

டாடா 207, அதாவது டாடா மொபைல், 1988-ல் வந்தது. சியராவும் எஸ்டேட்டும் சுமோவும் இதன் மேல் பிறந்தவை. 1,948 சி.சி. எஞ்சின், டர்போ கிடையாது, பின் சக்கர ஓட்டம். ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த அளவு சக்தியும் குறையும். டிரைவர் மிதியை இன்னும் அழுத்துவார், கரும்புகை வரும், சூடேறும், ஹெட் கேஸ்கட் போகும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள்: தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் கேஸ்கட் ஏற்கெனவே போய்விட்டது. சாதாரண மண் ரோட்டுக்கும் அளவான பாரத்துக்கும் போதும், விலையும் குறைவு.

கெட்அவே, செனான்: கவனிக்காமல் விடப்பட்ட ஜோடி

வேலைக்கும் ஆசைக்கும் சேர்த்து ஒரே வண்டி என்றால் எங்கள் ஓட்டு இங்கேதான். மகிந்திரா ஸ்கார்பியோ கெட்அவே, டாடா செனான், இரண்டிலும் ஃபோர் வீல் டிரைவ் வகை மட்டும். இரண்டுமே அதிகம் விற்கவில்லை, ஆகவே அபூர்வம். கெட்அவேயின் முன்பாதியும் எஞ்சினும் ஸ்கார்பியோவினுடையது. பின்னாளில் வந்தவற்றில் 2,179 சி.சி. எம்-ஹாக். செனானின் 2.2 டைகார் எஞ்சின் சஃபாரியினுடையது. எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். கிடைக்காதவை பெட்டிக் கதவு, பின்விளக்கு, பின் கேபின் கண்ணாடி. வாங்கும்போதே இந்த மூன்றும் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டிலும் முக்கியமான சந்தேகம் ஒன்றே: ஃபோர் வீல் வேலை செய்கிறதா? ஸ்விட்சைத் திருப்பினால் ஒரு மோட்டார் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் கியரை மாற்றுகிறது. வருடக்கணக்காகத் தொடாமல் விட்டால் அந்த மோட்டார் துருப்பிடித்து இறுகும், டாஷ்போர்டில் விளக்கு மட்டும் மின்னிக்கொண்டே இருக்கும். சோதிக்க மண் தரைக்குக் கொண்டுபோங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் கிளட்சை மிதித்து லோ போடுங்கள். அடியில் ‘டக்’ என்று கேட்க வேண்டும், விளக்கு நிலையாக எரிய வேண்டும். பிறகு முன் சக்கரம் உண்மையிலேயே மண்ணைத் தள்ளுகிறதா என்று வெளியே நின்று ஒருவர் பார்க்கட்டும். வாங்கிய பின் மாதம் ஒரு முறையாவது மண் ரோட்டில் போட்டு எடுங்கள்.

இரண்டுக்குள் எது? பட்டறை வசதி பார்த்தால் கெட்அவே. ஸ்கார்பியோ ஓடாத ஊர் இல்லை. இரண்டுமே 3 மீட்டருக்கு மேல் வீல்பேஸ். மெட்டில் உள்வளைவை ஒட்டித் திரும்பினால் பின் சக்கரம் ஓரத்து ஓடையில் இறங்கும். அகலமாக எடுத்துத் திரும்பப் பழக வேண்டும்.

வி-கிராஸ்

ஆந்திர எல்லைக்குள், தடா பக்கத்து ஸ்ரீசிட்டி ஆலையில் 2016 முதல் வருகிறது. முதலில் 2.5 லிட்டர், பிறகு 1.9 லிட்டர் எஞ்சின். நல்ல வண்டி, இன்று பிக்கப் ஆசைக்கு முதல் பெயரே இதுதான். ஆனால் ஆர்.சி.யில் மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்து, ஏறுகிற ஆட்களின் எடையையும் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவதை ஐம்பதால் வகுத்தால் எத்தனை உர மூட்டை என்று தெரியும், பலர் முகம் அங்கேதான் வாடும். அதே ஆலையின் எஸ்-கேப் சரக்குக்கானது, நன்றாகச் சுமக்கும், ஆனால் பின் சக்கர ஓட்டம் மட்டும்.

பி.எஸ்.-6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் இன்னொரு தொல்லை உண்டு. சைலன்சரில் இருக்கிற கரி வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய, நல்ல வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே முதல் இரண்டு கியரில் சுற்றினால் கரி அடைக்கும். மெட்டிறக்கமும் உதவாது, இறக்கத்தில் எஞ்சினுக்குச் சூடே ஏறாது. வாரம் ஒரு முறை தேனி சமவெளி ரோட்டில் 20, 25 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் எஞ்சினை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் பட்டறைச் செலவு பெரிசாகும். டொயோட்டா ஹைலக்ஸும் இதே கதை, விலைதான் வேறு உயரம்.

காகிதமும் சுத்தியலும்

ஐம்பது வயது தாண்டி, மாற்றம் செய்யாத பழைய ஜீப்புக்கு 2021 விதிப்படி ‘வி.ஏ.’ வரிசையில் விண்டேஜ் பதிவு வாங்கலாம்: கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் அந்தப் பலகையோடு கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பழுதுபார்ப்பு, எண்ணெய் போடுவது இவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். உரம் ஏற்ற முடியாது. மூக்கில்லாத ஜீப்பை வாங்குகிறவர் இதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்: வேலைக்கா, பெருமைக்கா? பெருமைக்கு என்றால் எஞ்சினை மாற்றாத பெட்ரோல் வண்டியைத் தேடுங்கள். வேலைக்கு என்றால் எஞ்சின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறிய டீசல் வண்டி.

சரக்கு வண்டியாகப் பதிவானதில் மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் தனி பெர்மிட் தேவையில்லை. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று ஒவ்வொரு வருடமும். தமிழ்நாட்டு வண்டியைத் தோட்டத்திலேயே நிறுத்தி 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் கேரளப் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடம் 28-ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று. வங்கிக் கடன் பாக்கி ஆர்.சி.யில் நீங்காமல் அது வராது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள், கையில் ஒரு சின்னச் சுத்தியலோடு. தோட்டத்து வண்டியின் சட்டம் மழையில் துருப்பிடிப்பதைவிடப் பொட்டாஷில்தான் வேகமாகப் போகும். பொட்டாஷ் உரம் ஒருவகை உப்பு, மூட்டையிலிருந்து கொட்டியது பெட்டிப் பலகை இடுக்கு வழியாகச் சட்டத்தின் மேல் தங்கி ஈரத்தில் அரிக்கும். பெட்டி உட்காருகிற இடங்கள், பின் பட்டை வில் தொங்குகிற பிராக்கெட், கேபினுக்குப் பின்னால் சட்டம் வளைகிற இடம், இந்த மூன்றிலும் தட்டுங்கள். ‘டங்’ என்று கேட்டால் இரும்பு இருக்கிறது. ‘பொத்’ என்று கேட்டாலோ, புதுத் தகரத்தை வெல்டு வைத்துக் கருப்புப் பெயின்ட் அடித்திருந்தாலோ, விலையைக் குறைக்கக் கேட்காதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள்.